திரும்பி வந்த வெண்டைக்காய்

போன மாதம் பூஜா போன் செய்தாள். மும்பை செம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஹெச்.ஆர். பார்க்கிற பெண். அப்பாவுக்கு மதுரைப் பக்கம், இவள் பிறந்து வளர்ந்தது கல்யாண். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்க மட்டும் வராது.

"மேடம், அடுத்த மாசம் டைவர்சிட்டி வீக். நீங்கதான் சீஃப் கெஸ்ட். பத்து நிமிஷம் பேசினா போதும்."

"எனக்கு என்னடி தெரியும் அதைப் பத்தி?"

"க்யா மேடம்! கேன்டீன் டேபிள் ரூல் நீங்கதானே கொண்டு வந்தீங்க? புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே அந்தக் கதையைத்தான் சொல்றோம். உங்க போட்டோவ சுவத்துல மாட்டப்போறோம். சிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்புங்க."

சரி என்று சொல்லிவிட்டு, வெட்கம் கெட்டவள், போட்டோவும் தேடினேன். ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு எடுத்தது ஒன்று கிடைத்தது. அதை அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. வாஷியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து, "என்ன, பிரஷர் மாத்திரை போடலையா?" என்று கேட்டார். மாத்திரையில் தீருகிற விஷயமில்லை இது.

அந்த ரூல் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேன்டீனில் யாரும் தங்கள் ஆட்களோடு தனி மேஜை பிடித்து உட்காரக் கூடாது. வருகிற வரிசையில் எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவரிடம் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று விசாரிக்கக் கூடாது. இவ்வளவுதான். அந்தச் சுற்றறிக்கையின் கீழே என் கையெழுத்து இருக்கிறது: கோமதி, பர்சனல் ஆபீசர். அதனால் கதை என் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் ஓட விட்டேன். பாராட்டு வந்தபோது தலையைக் குனிந்து சிரித்தேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யூனியன்காரர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், டைரக்டரின் மைத்துனனை இன்டர்வியூவிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் அந்த வாய் பேசவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். பூஜாவுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

நாங்கள் இருந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். பெயரில்தான் மாட்டுங்கா. இடம் தாராவியோடு ஒட்டியது. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மாட்டுங்கா வேறு. அங்கே மல்லிகைப்பூக் கடை, காபிக் கொட்டை வறுக்கிற வாசனை, பாட்டு வாத்தியார், பரத வாத்தியார். எங்கள் பக்கத்தில் தோல் வாசனை. அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஊரைவிட்டுத் தள்ளி எங்கள் ஆட்களை ஒதுக்கி வைத்த தெரு ஒன்று உண்டு. அங்கிருந்து ரயிலேறி வந்தவர். ஜாதியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்ததாக அவருக்கு நினைப்பு.

முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் டைப்பிங், சுருக்கெழுத்து, தபாலில் பி.ஏ. என்று எல்லோரையும் போலத்தான் படித்து முடித்தேன். சுவிட்சும் மின் பலகையும் செய்கிற அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாள் மத்தியானம் கேன்டீனுக்குப் போனால், ஜன்னலோரம் நீள மேஜையில் தமிழ்ப் பெண்கள். நடுவில் அக்கவுன்ட்ஸ் விஜயம் மாமி. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் மூன்று தலைமுறை. வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"வாடி குழந்தே, இங்கே உக்காரு. ஜாகை எங்கே?"

"மாட்டுங்கா, மாமி."

லேபர் கேம்ப் என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டேன்.

"அடடே, நம்ம பக்கம்தானா! சொந்த ஊர்?"

"திருநெல்வேலி."

மாமி என் டப்பாவை எட்டிப் பார்த்தாள். பருப்புச் சாதமும் கத்திரிக்காய்ப் பொடிக்கறியும் இருந்தது. "ஓ, சைவப் பிள்ளைமாரா! அதானே பார்த்தேன், முகத்துலயே தெரியறதே" என்றாள்.

நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சிரிப்புக்குள் என் சர்வீஸ் முழுக்க ஒளிந்திருந்தேன்.

அந்த மேஜைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் கறியில் கொஞ்சத்தை டப்பாவின் மூடியில் வைத்து வலது பக்கம் நகர்த்துவாள். மூடி மேஜையைச் சுற்றும். எல்லோரும் ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார்கள். காலியாகத் திரும்பி வந்தால்தான் சமைத்தவளுக்கு மரியாதை. என் மூடி எப்போதும் துடைத்த மாதிரி காலியாக வரும். பொடிக்கறிக்கு என்ன பக்குவம் என்று மாமியே கேட்டு எழுதிக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதைத் தினசரி செய்தேன். வீட்டில் மீன் பொரிக்கிற நாளில் ஆபீஸ் புடவையைப் பக்கத்து வீட்டுக் கொடியில் போட்டு வைப்பேன். அம்மாவுக்கு எரிச்சல் வரும். "யாருக்குளா இந்தப் பத்தியச் சாப்பாடு? ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் சீக்காளியளா?" என்பாள். நாளாக ஆக அந்த மேஜைப் பேச்சும் எனக்கு வந்துவிட்டது. வந்துண்டிருக்கேன், போயிண்டிருக்கேன் என்று சரளமாகப் பேசினேன். என் கல்யாணத்துக்கு ஆபீசில் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஊரில் நடந்தது என்று சொன்னேன். நடந்தது தாராவி மெயின் ரோட்டில், பந்தல் போட்டு.

மாமியைக் கெட்டவள் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். என் வீட்டுக்காரர் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினம் காலையில் இட்லியும் பிளாஸ்க்கில் காபியுமாக வந்து நின்றவள் அவள்தான். "அழாதே கோமு, நான் இருக்கேன்" என்றாள். கூடப்பிறந்தவள் செய்ய மாட்டாள். அதனால்தான் பயம் இன்னும் பெரிதாகிவிட்டது. வேலை போய்விடும் என்றெல்லாம் பயமில்லை. அந்த அன்பு போய்விடும் என்ற பயம்.

நான் டைப்பிங்கிலிருந்து உயர்ந்து, ஆள் எடுப்பதும் விசாரிப்பதுமான பர்சனல் இலாகாவில் ஆபீசரான பிறகு, அதன் தலைவியாகப் பாவே மேடம் வந்தார். புனேக்காரர். காட்டன் புடவை, ஒற்றை வளையல், மெல்லிய குரல். அவர் விசாரணை நடத்துகிற விதத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. முதலில் தன் சுழல் நாற்காலியை வெளியே தள்ளச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே உயர நாற்காலி, அவருக்கும் அதுதான். போன்களெல்லாம் ஜன்னல் திட்டுக்குப் போய்விடும். தண்ணீர் வந்து, எல்லோரும் ஒரு வாய் குடித்த பிறகுதான் பேச்சு, அதுவும் இந்தியில்; இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். கேள்வி மூன்றுதான். என்ன பார்த்தாய், என்ன செய்தாய், ஏன் செய்தாய். வரிசை மாறக் கூடாது. எடுத்தவுடன் ஏன் என்று ஆரம்பிக்கிறவரைக் கையமர்த்தி, "அந்தாஜ் நஹி, தேகா ஹுவா போலோ" என்பார். ஊகம் வேண்டாம், கண்ணால் கண்டதைச் சொல். பேசுகிறபோது அவர் எழுத மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். பேசி முடித்ததும், சொன்னவரின் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று ஒரு தடவை கேட்பார். சரி என்றால்தான் நான் எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய ஆபீசர்கள்கூட அந்த "சரியா"வில் தடுமாறி உண்மைக்கு வந்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில்தான் செல்வி சேர்ந்தாள். அக்கவுன்ட்ஸில் டிரெய்னி, மாமியின் செக்‌ஷன். படபடவென்று பேசுவாள், பெரிதாகச் சிரிப்பாள். எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிய பெண்களில் எனக்கு அடுத்தவள். ஆமாம், எங்கள் தெரு. அம்மா லேபர் கேம்பை விட்டு எங்களோடு வாஷிக்கு வர மறுத்துவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அடுத்த சந்தில் செல்வியின் வீடு இருப்பது எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

சர்ட்டிபிகேட் சரிபார்க்க என் மேஜைக்கு வந்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முகமெல்லாம் மலர்ந்து கேட்டாள்.

"எக்கா, நீங்க நம்ம ஞானம்மா பெரியம்மா மவதான? ஞாயித்துக்கெழம வருவீயளே, பாத்துருக்கேன்."

பக்கத்து மேஜையில் மாமி ஏதோ பில் விஷயமாக நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லையேம்மா. வேற யாரையோ நெனச்சுண்டு பேசறேள்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. "ஸாரி மேடம்" என்றாள். அப்புறம் அக்கா என்று கூப்பிடவே இல்லை. பெற்ற அம்மாவை, உயிரோடு இருக்கிறவளை, இல்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கு டீ குடித்தேன்.

மத்தியானம் மாமி அவளையும் வாய் நிறையக் கூப்பிட்டாள். என்னிடம் கேட்ட அதே கேள்விகள்தான். செல்வி மறைக்கவில்லை.

"தாராவி, ஆன்ட்டி. லேபர் கேம்ப்."

"சொந்த ஊர்?"

ஊரைச் சொன்னாள்.

"அங்கே எந்தத் தெரு?"

"காலனித் தெரு" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து, மூடியில் வெண்டைக்காய் வதக்கலை வைத்து வலது பக்கம் நகர்த்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்கள் பழக்கத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

கருவாடு இல்லை, முட்டைகூட இல்லை, வெறும் வெண்டைக்காய். மூடி சுற்றியது. ஒருத்தி டயட் என்றாள். ஒருத்திக்கு வயிறு சரியில்லை. ஒருத்தி பேச்சு சுவாரசியத்தில் பார்க்காதவள் போல அடுத்தவளிடம் தள்ளினாள். என்னிடம் வந்தது. மாமி என்னைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. எடுத்து வாயில் போட்டிருக்கலாம், ஒரு கரண்டி. நானும் தள்ளினேன். வைத்தது வைத்தபடி மூடி செல்வியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அதைச் சோற்றில் கொட்டிப் பிசைந்து சாப்பிட்டாள்.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். பிடிவாதக்காரி. ஒவ்வொரு நாளும் நிறைந்தே திரும்பியது. பிறகு மாமி கடையில் ஒரு புதுக் கரண்டி வாங்கி வந்து, "இது உன்னோடது, தனியா வெச்சுக்கோ. ஹைஜீன், கேட்டியா?" என்று சிரித்த முகமாகவே கொடுத்தாள். எங்களில் வேறு யாருக்கும் ஹைஜீன் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து செல்வி தன் சீட்டிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

டிரெய்னிங் முடிகிற சமயத்தில் அவளை நிரந்தரமாக்குவது பற்றி செக்‌ஷன் தலைவியின் கருத்து வர வேண்டும். வேலை சுத்தம், ஆனால் டீமோடு ஒட்டவில்லை, வேண்டாம் என்றாள் மாமி. பாவே மேடம் செல்வியைக் கூப்பிட்டு, ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவள் மூடிக் கதையைச் சொன்னாள். அழவில்லையாம். கரண்டியைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாளாம்.

மேடம் விசாரணை வைத்தார். விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அந்த மேஜையில் இவளை ஒதுக்கியது உண்மையென்றால் மாமியின் கருத்து செல்லாது, செல்விக்கு வேலை நிரந்தரம். உண்மை இல்லையென்றால் அந்தக் கருத்து நிற்கும், அவள் போக வேண்டியதுதான். மற்றப் பெண்கள் முன்கூட்டியே கழன்றுகொண்டார்கள், எதையும் கவனிக்கவில்லை என்று. நான் வழக்கம்போல நோட்டோடு உள்ளே போனேன்.

"கோமதி, இன்னிக்குப் பேனாவை வெச்சிரு" என்றார் மேடம். "நீயும் அந்த டேபிள்தானே? நீ சாட்சி."

ஒரே உயர நாற்காலிகள். செல்வி, மாமி, நான், மேடம். தண்ணீர் குடித்தோம்.

மாமி முதலில் பேசினாள். மனம் நொந்துபோய்த்தான் பேசினாள். "இது சாப்பாட்டுப் பழக்கம் மேடம். என்ன பாத்திரத்துல வதக்கினாளோ, நேக்கு என்ன தெரியும்? இதைப் போய் ஜாதிங்கறா. நான் ஜாதி பார்க்கறவளா? இதோ கோமதி இருக்காளே, இவ பிராமணாளா? இல்லையே. இத்தனை வருஷமா இவ டப்பாவிலேர்ந்து எடுத்துச் சாப்பிடறோமே! ஜாதி பார்த்தா சாப்பிடுவேனா? இவளையே கேளுங்கோ. இவளும்தான் அந்த வெண்டைக்காயைத் தொடலை. இவளுக்கும் ஜாதி வெறியா?"

மாமி தன் வழக்கை முழுக்க என் தோளில் கட்டி நிறுத்தியிருந்தாள். செல்வி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'இந்த மேடமும் எங்க தெருதான், எங்க ஆளுதான். அது தெரியாம இருந்த வரைக்கும் இவங்க சமையல் உங்களுக்கு இனிச்சுது.' அவ்வளவுதான். வழக்கு அங்கேயே முடிந்தது, அவள் ஜெயித்தாள்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "நீ இன்னும் ஏதாவது சொல்லணுமா? இங்கே இருக்கிறவங்கள்ல யாரையாவது ஆபீசுக்கு வெளியே தெரியுமா உனக்கு?"

செல்வி என்னை நேராகப் பார்த்தாள். பகையாகப் பார்க்கவில்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை, டீச்சர் தன்னைக் கேட்பாரா என்று காத்திருக்குமே, அப்படி.

"இல்ல மேடம். யாரையும் தெரியாது."

பிறகு என் முறை.

"என்ன பார்த்தாய்?"

"மூடி சுத்தி வந்தது மேடம். யார் எடுத்தா, யார் எடுக்கலைன்னு கவனிக்கலை."

"நீ என்ன செய்தாய்?"

"எடுத்துக்கலை."

"ஏன்?"

"எனக்கு வெண்டைக்காய் ஒத்துக்காது மேடம்."

மாமிகூடச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டு வெண்டைக்காய்ப் பச்சடியை நான் வழித்துச் சாப்பிட்டவள். ஆனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சாதகமான பொய்தானே அது.

மேடம் திருப்பிச் சொன்னார். "கவனிக்கவில்லை. வெண்டைக்காய் ஒத்துக்கொள்ளாது. சரியா?"

"சரி மேடம்."

பிறகு மறுபடியும், "சரியா, கோமதி?" என்றார். எந்த விசாரணையிலும் அவர் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் அந்த அம்மாள்.

"சரி" என்றேன்.

செல்விக்கு வேலை போயிற்று. அவளை விடுவிக்கிற வேலையும் என் மேஜைக்குத்தான் வந்தது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, நாடாவைச் சுற்றி, என் முன்னால் வைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாக என் சொந்தப் பேச்சு வாயில் வந்தது.

"ஏன்ட்டி சொல்லல?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. வேலை போனதற்கு வராத அழுகை அதற்கு வந்தது.

"எப்படிச் சொல்லுவேன்க்கா? நான் இங்கன சேந்த வாரமே பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்தாவ. எங்க அம்மா கையப் புடிச்சிக்கிட்டு, 'எம் மவ அங்கன வேற மாதிரி இருக்கா. ஒம் புள்ளய, தெரியாத மாதிரியே இருந்துக்கிடச் சொல்லு தாயி'ன்னு கெஞ்சுனாவ. அம்மா வாக்குக் குடுத்துட்டா."

நான் அம்மாவிடம் ஒரு நாளும் எதையும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு ஏன் ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை என்று அவள் கேட்டதும் இல்லை. தன்னை இல்லை என்று சொல்கிற மகளுக்காக, என் தாய் அடுத்த சந்துக்குப் போய்க் கை நீட்டியிருக்கிறாள்.

"நான்தான் சொல்லக் கூடாது, சரி" என்றாள் செல்வி. "நீங்க சொல்லலாம்லாக்கா? சொல்லுவீயன்னுதான் கடைசி மட்டும் ஒங்களயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அட்டையை எடுத்து டிராயரில் போட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நீங்கள் எல்லோரும் கொண்டாடுகிற சுற்றறிக்கை. மேடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வரிகூட என்னுடையது இல்லை. "என்னால் நிரூபிக்க முடியலை. ஆனா நாற்காலியை மாத்திப் போட முடியும்" என்றார். கையெழுத்துப் போட நான் நீட்டியபோது தாளை என் பக்கமே தள்ளினார். "அந்த டேபிள்ல உக்காந்தவள் நீ. உன் கையெழுத்துதான் இருக்கணும்." அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்தை அவர் தண்டனையாகத்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். நான் அதைப் பதக்கமாக மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆகவே பூஜா, சுவரில் என் போட்டோ வேண்டாம். செல்வி பெயரைப் போடலாம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே, அவளைக் கேட்க வேண்டும். அவள் வாஷியிலேயே ஓர் ஆடிட்டர் ஆபீசில் பெரிய வேலையில் இருக்கிறாளாம். என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். இன்னும் நடக்கவில்லை. விஜயம் மாமி இப்போதும் தினம் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் பூப்படமும் வணக்கமும் அனுப்புகிறாள். இதைப் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். நாளைக் காலையில் படம் வராவிட்டால் வருத்தமாகத்தான் இருக்கும்.

விசாரணையைப் பற்றிச் சொன்னாலே போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது. அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கும் வழக்கம்போல அம்மாவைப் பார்க்கப் போனேன். மீன் குழம்பு வைத்திருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். விசிறியை எடுத்தாள், விசிறவில்லை.

"அந்தச் செல்விப் புள்ளைக்கு வேல போச்சாம்லா?"

"ஆமாம்மா."

"நம்மளாலயா?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் விசிறி ஓலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். என்னால் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ இல்லை அம்மா, நான்தான் என்று அந்தத் தட்டிலேயே தலையை வைத்து அழுதிருக்க வேண்டும்.

"இல்லம்மா. அது வேற காரணம். அவ வேலை சரியில்லைன்னு சொன்னாங்க."

"அப்பாடா" என்றாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளா ஒறக்கமில்ல எனக்கு. நாம வாய மூடச் சொன்னதுனால அந்தப் புள்ளைக்கு எதுவும் ஆயிட்டோன்னு."

எனக்காகச் செய்ததை எனக்கே தெரியாமல் செய்திருந்தாள். அதைத் தானே வெளியிட்டுவிட்டதை அவள் கவனிக்கக்கூட இல்லை. நிம்மதியில் மறந்துவிட்டாள். எழுந்து போய் ஒரு தூக்குவாளியில் மீன் குழம்பை ஊற்றி மூடினாள்.

"இருந்தாலும் கஷ்டப்படுற வீடு. ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வந்துருவோம். நீயும் வா. ஒரே ஆபீஸ்ல இருந்தவ, நீ வந்து ஒரு வார்த்த சொன்னா அதுக்கு ஆறுதலா இருக்கும்."

"எனக்கு நேரமாயிட்டும்மா. இன்னிக்கு மெகா பிளாக். லைன்ல வேலை நடக்குது, வண்டி ரொம்பக் கம்மி. இப்ப வர்ற வண்டியை விட்டா அடுத்தது எப்ப வருமோ தெரியாது."

"அப்பம் சரி, நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டு, என் அம்மா தூக்குவாளியோடு தனியாகச் சந்துக்குள் போனாள்.

நான் சயான் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மெகா பிளாக் எதுவும் இல்லை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன.